சத்தம் வரலைன்னா ஃபார்மட்டா?

கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்றதும் ரிப்பேர்காரப் பையன்கள் சொல்வது, "ஃபார்மட் பண்ணிடலாம் சார்". வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பேரன் பேத்தி போட்டோவெல்லாம் அதில்தானே இருக்கிறது!

முதலில் ஸ்பீக்கர் ஒயர் பின்பக்கம் பச்சை ஓட்டையில் இருக்கிறதா பாருங்கள். வீடு பெருக்கும்போது கழன்றிருக்கும். விண்டோஸ் 10 என்றால் வலது மூலை ஸ்பீக்கர் படத்தைத் தட்டுங்கள். எச்டிஎம்ஐ ஒயர் மாட்டியிருந்தால், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கும் (செவிடன் காதில் சங்கு!). அங்கேயே மாற்றிவிடலாம்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் கோளாறு. மதர்போர்டு கம்பெனியின் தளத்திலேயே அது இலவசமாகக் கிடைக்கும். 'டிரைவர் அப்டேட்டர்' விளம்பரங்கள் பக்கம் போகாதீர்கள். அதற்கும் மசியாவிட்டால், போட்டோக்களைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டுப் பையனைக் கூப்பிடுங்கள்.