வகுப்பில் விளையாட்டு நேர விரயமா? தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் யோசிக்க வேண்டியது

அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தங்கம் வென்ற செய்தி அடிக்கடி வருகிறது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால், போட்டிக்குப் போகிறவர்கள் ஒரு பள்ளியில் நான்கைந்து பேர். வகுப்பில் மீதமிருக்கும் பிள்ளைகளின் ஆக்கச் சிந்தனையை யார் வளர்ப்பது? பேராக்கில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. குனோங் ராபாட் போன்ற ஈப்போ நகர்ப்புறப் பகுதிகளுக்கும், பழைய ரப்பர்த் தோட்டங்களில் எஞ்சி நிற்கும் சிறிய பள்ளிகளுக்கும் இந்தக் கேள்வி பொது.

இப்போது இதைக் கேட்கக் காரணம் உண்டு. 2019இல் ஆண்டு 1 முதல் 3 வரை தேர்வுகள் நீக்கப்பட்டன. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் ரத்தானது. வகுப்பறை மதிப்பீடு அந்த இடத்துக்கு வந்தது. 2027இல் புதிய பாடத்திட்டம் தொடங்கும் என்றும் கல்வி அமைச்சு அறிவித்துள்ளது. தேர்வு போனதால் ஆசிரியர்களுக்குச் சற்று இடம் கிடைத்தது. அந்த இடத்தில்தான் குழு விளையாட்டு வழிக் கற்றல் நுழைந்திருக்கிறது.

பெற்றோர் பலருக்கு இது பிடிக்கவில்லை. "பள்ளிக்கு அனுப்புவது படிக்கவா, விளையாடவா?" என்று கேட்கிறார்கள். யு.பி.எஸ்.ஆர். மீண்டும் வர வேண்டும் என்ற குரலும் அவ்வப்போது எழுகிறது. இந்தக் கவலையைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தை விட்டு வெளியேற நம்மவர்களுக்குக் கல்வி ஒன்றே ஏணியாக இருந்தது. அந்த ஏணியின் படிகளைத் தேர்வுப் புள்ளிகளால்தான் எண்ணினோம்.

ஆனால், புள்ளிகளுக்காக நாம் எதைப் பழக்கினோம்? 'நான் ஒரு குடை', 'நான் ஒரு மிதிவண்டி' என்ற தன்கதைகளை நினைத்துப் பாருங்கள். கற்பனையை வளர்க்க வந்த கட்டுரை அது. மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதியதால், நாடு முழுவதும் எல்லாக் குடைகளும் ஒரே தொழிற்சாலையில் பிறந்து ஒரே மாதிரிக் கிழிந்தன!

இந்தப் பழக்கத்தின் விளைவு இடைநிலைப்பள்ளி வயதில் தெரிகிறது. பீசா எனும் அனைத்துலக மதிப்பீடு 2022இல் முதன்முறையாக 15 வயது மாணவர்களின் ஆக்கச் சிந்தனையைச் சோதித்தது. 60 புள்ளிகளில் சிங்கப்பூர் 41 பெற்று முதலிடம் பிடித்தது. வளர்ந்த நாடுகளின் சராசரி 33. மலேசியா அந்தச் சராசரிக்குக் கீழே நின்றது. இது தமிழ்ப்பள்ளியின் குறை மட்டுமன்று, நாட்டின் குறை. தேர்வுக்குப் பேர்போன சிங்கப்பூரே இதிலும் முந்துகிறது. ஆகவே, படிப்பும் கற்பனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கூடி விளையாடுவது எப்படி உதவும்? இசை நாற்காலியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஆட்டத்தில் இடம் கிடைக்காத பிள்ளை வெளியேற வேண்டும். கனடாவின் தெரி ஓர்லிக் 1970களில் இதை மாற்றினார். நாற்காலிகள் குறையும், பிள்ளைகள் குறைய மாட்டார்கள். எஞ்சிய நாற்காலிகளில் எல்லாரும் எப்படி இடம் பிடிப்பது என்று சேர்ந்து யோசிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் வேகமும் பலமும் போதும். இரண்டாவதில் வழி கண்டுபிடித்தாக வேண்டும்.

பாடத்துக்கும் இது பொருந்தும். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், பல இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்தபோது பூசல் மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர், பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருவர் சொல்லாமல் மற்றவருக்குப் பாடம் முழுமையாகாது. ஆகவே ஒதுங்கியிருந்த பிள்ளையும் பேச வேண்டியதாயிற்று, மற்றவர்களும் கேட்க வேண்டியதாயிற்று.

நம் தன்கதையை இப்படி விளையாடலாம். நால்வருக்கு நான்கு அட்டைகள்: ஓர் இடம், ஒரு பாத்திரம், ஒரு சிக்கல், ஒரு பொருள். அட்டையைக் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். நான்கும் சேர்ந்து ஒரு கதையாக வேண்டும். கெக் லோக் தோங் குகை, ஒரு பாட்டி, திடீர் மழை, கிழிந்த குடை என்று அமைந்தால், அந்தக் கதையை எந்த மாதிரிக் கட்டுரையிலும் தேட முடியாது.

ஒன்று கவனிக்க வேண்டும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டால் குழுக் கற்றல் ஆகிவிடாது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் எழுத, மற்ற மூவர் வேடிக்கை பார்ப்பதும் நடக்கிறது. ஒவ்வொருவரின் பங்கும் தேவைப்பட வேண்டும். முடிவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் பதில் வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாத விளையாட்டு, பெற்றோர் சொல்வதுபோல் நேர விரயம்தான். 35 பேர் உள்ள வகுப்பில் இதைச் செய்வது கடினம் என்று ஆசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இங்கேதான் சிறிய தமிழ்ப்பள்ளிக்கு ஒரு சாதகம். மாணவர் குறைவு என்று நாம் வருந்தும் வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தால் மூன்று குழுக்கள். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் பேச்சையும் கேட்க முடியும்.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். புதிய முகங்கள், பாடங்களோ மலாய் மொழியில். மனப்பாடம் மட்டும் பழகிய பிள்ளை அங்கே பின்வரிசையில் வாய் திறக்காமல் அமர்ந்துவிடும் ஆபத்து உண்டு. தாய்மொழியில் கூட்டாக யோசித்து, மறுத்து, விளக்கிப் பழகிய பிள்ளைக்கு மொழி மாறினாலும் துணிச்சல் மிஞ்சும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், "ஏன் விளையாட விடுகிறீர்கள்?" என்பதற்குப் பதிலாக, "அந்த விளையாட்டில் என் பிள்ளையின் பங்கு என்ன?" என்று கேட்போம். ஆசிரியரிடம் பதில் இருந்தால் அவருக்குத் துணை நிற்போம். இல்லையென்றால், தொடர்ந்து கேட்போம்.