மைக் டெஸ்டிங்... 997!

கல்யாண வீட்டு மைக்செட்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? மைக்கை விரலால் இரண்டு தட்டு. 'உஃப் உஃப்' என்று ஓர் ஊதல். அப்புறம், 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.' ஏன் யாருமே நாலுக்குப் போவதில்லை என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம். கோளாறு என்றால் ஒயரை ஆட்டிப் பார்ப்பார், ஆம்ப்ளிஃபயர் மண்டையில் ஒன்று போடுவார். வைத்தியம் முடிந்தது.

உங்கள் லேப்டாப்புக்குள்ளும் ஒரு மைக்செட் இருக்கிறது. இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் ஒலிக்கென்றே ஒரு குட்டி பிராசஸர் உண்டு. அதில் ஓடும் புரோகிராமுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். வால்யூமை ஏற்றி இறக்குவது, ஈக்வலைசர் போடுவது, மைக்கில் வருவதை மேலே அனுப்புவது எல்லாம் அதன் டிபார்ட்மெண்ட். சிக்கல் என்னவென்றால் அதற்கு ஸ்கிரீன் கிடையாது, கீபோர்டு கிடையாது. மண்டையில் தட்டவும் முடியாது (வாரண்டி போய்விடும்). 'என்னப்பா ஆச்சு உனக்கு?' என்று கேட்க வேண்டுமானால் கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒற்றை வரிக் கமாண்டு அடிக்க வேண்டும்.

எளிய கமாண்டுகள் எளியவைதான். லினக்ஸில் 'ஏப்ளே' பாடும், 'ஏரெக்கார்ட்' பதிவு செய்யும். 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போய் 'ஃப்ரன்ட் லெஃப்ட்', 'ஃப்ரன்ட் ரைட்' என்று சொல்லிவிட்டு வரும். லெஃப்ட் என்று சொல்லும்போது வலது பக்கம் சத்தம் வந்தால் எங்கேயோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

'அல்சாபேட்' கொஞ்சம் கெட்டிக்கார ஆசாமி. அதற்குக் கேட்பதற்கு மனிதக் காது வேண்டாம். ஹெட்ஃபோன் துளையிலிருந்து மைக் துளைக்கு ஒரு ஒயர் கொடுத்துவிட்டால், தானே ஒரு ஸ்வரத்தை ஊதி, தானே பதிவு செய்து, வந்தது அனுப்பியதுதானா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும். (கணக்கு ஃபூரியர் என்ற பிரெஞ்சுக்காரருடையது. 1822-ல் அவர் புத்தகம் எழுதியது சூடு எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றி. சங்கீதத்துக்கு உதவுகிறது.) நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது ஊதும் ஸ்வரம் விநாடிக்கு 997 அதிர்வு.

அதென்ன 997? ரவுண்டாக 1000 வைத்தால் ஆகாதா?

நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். ஓர் ஆடிட்டர் மாசாமாசம் ஒன்றாம் தேதி மட்டும் வருகிறார் என்று வையுங்கள். கேஷியர் என்ன செய்வார்? ஒன்றாம் தேதி கணக்கை மட்டும் பளிச்சென்று வைத்திருப்பார். கம்ப்யூட்டர் ஒலியை விநாடிக்கு 48,000 தடவை அளக்கிறது. 1000 அதிர்வு என்றால் ஓர் அலைக்குச் சரியாக 48 அளவுகள். அடுத்த அலையிலும் அதே 48 இடம், அதற்கடுத்ததிலும் அதே 48. மற்ற இடங்களில் ஓட்டை இருந்தால் தெரியவே தெரியாது. 997 பகா எண். 48,000-ல் மீதியில்லாமல் வகுபடாது. ஒவ்வோர் அலையிலும் அளக்கும் இடம் கொஞ்சம் நகர்ந்துகொண்டே போய், பழைய இடத்துக்குத் திரும்ப முழுசாக ஒரு விநாடி ஆகிறது. அதற்குள் 48,000 வெவ்வேறு இடங்களைத் தொட்டுவிடுகிறது. எந்தத் தேதியில் வருவார் என்று சொல்ல முடியாத ஆடிட்டர்!

சத்தம் வருகிறதா இல்லையா என்பது இதில் தெரிந்துவிடும். ஏன் வரவில்லை என்பதுதான் கஷ்டம். ஒலி ஃபர்ம்வேருக்குப் பெரும்பாலும் ஒரு மில்லி விநாடிக்கு ஒரு டூட்டி. அதற்குள் 48 அளவுகளை முடித்து அனுப்பியாக வேண்டும். தாமதமானால் ஸ்பீக்கரில் 'டிக்'. எங்கே தாமதம் என்று பார்க்க, 'இதோ இங்கே இருக்கிறேன்' என்று வழி நெடுக எழுதிக்கொண்டே போகச் சொன்னால், எழுதுகிற வேலையே நேரத்தைத் தின்றுவிடும். இல்லாத கோளாறு வரும், இருந்த கோளாறு மறைந்துகொள்ளும்.

2018-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' திட்டத்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். நம் ஊர் வாழ்த்துத் தந்தி ஞாபகம் இருக்கிறதா? கல்யாண வாழ்த்து, பண்டிகை வாழ்த்து என்று வாசகங்களுக்கு நம்பர் போட்டிருப்பார்கள். நம்பரைச் சொன்னால் போதும், போய்ச் சேருகிற ஊரில் முழு வாசகமாக எழுதித் தருவார்கள். (2013 ஜூலையில் தந்தியையே மூடிவிட்டார்கள், பாவம்.) அதே டெக்னிக்தான். 'இன்ன இடத்தில் இடம் போதவில்லை' போன்ற நீள வாசகங்களையெல்லாம் முன்கூட்டியே பிரித்து ஒரு டிக்ஷனரி ஃபைலில் வெளியே வைத்துவிடுகிறார்கள். சிப் அனுப்புவது நம்பர், நேரம், ஒன்றிரண்டு மதிப்புகள். வெளியே 'லாகர்' என்ற கமாண்டு டிக்ஷனரியைப் பார்த்து விரித்துச் சொல்கிறது. டிக்ஷனரி வேறு பதிப்பாக இருந்தால் கல்யாண வாழ்த்து கருமாதிச் செய்தியாகப் பிரியும். ஜாக்கிரதை.

இதெல்லாம் யாருக்கு சார் வேணும் என்பவர்களுக்கு என் நண்பர் கதை. லஞ்சுக்குப் போகும்போது லேப்டாப்பை மூடுவார். திரும்பி வந்து திறந்தால் எப்போதாவது மைக் செத்திருக்கும். ஒரு நாள் அப்ரைசல் மீட்டிங்கில் தன் வருஷ சாதனைகளை ஏழு நிமிஷம் விளக்கினார். எதிர்முனையிலிருந்து, 'உங்க தரப்புல சொல்றதுக்கு எதுவும் இல்லையா?' அந்த வருஷ இன்க்ரிமெண்ட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். சப்போர்ட்டில் மூன்று முறை புகார் கொடுத்தார். மூன்று முறையும், 'எங்ககிட்ட நல்லா வேலை செய்யுதே சார்' என்று மூடிவிட்டார்கள்.

மனுஷர் படுக்கப் போகுமுன் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினார். 'ஆர்டிசி-வேக்' லேப்டாப்பைத் தூங்கவைத்து, சொன்ன நேரத்தில் எழுப்பும். எழுந்ததும் 'ஏரெக்கார்ட்' பத்து விநாடி பதிவு செய்யும். திரும்பத் தூக்கம். அறுபது தடவை. காலையில் அறுபது ஃபைல். மூன்றில் சுத்தப் பூஜ்யம். எவ்வளவு நிசப்தமான அறையிலும் மைக்கில் கொஞ்சமாவது இரைச்சல் இருக்கும். பூஜ்யம் மட்டுமே வந்தால் மைக் எழுந்திருக்கவே இல்லை என்று அர்த்தம். லாகரில் அந்த மூன்று எழுப்பலின் நேரத்தையும் எடுத்து இணைத்து, ஃபர்ம்வேர் எழுதுகிறவர்களுக்கே அனுப்பினார். 'நல்லா வேலை செய்யுதே' என்று யாரும் சொல்லவில்லை. பத்து நாளில் மாற்று வரிகள் வந்தன.

சந்தோஷமாக அதைப் போடப் போனால் லேப்டாப் மறுத்துவிட்டது. சோர்ஸ் கோடு ஊருக்கே திறந்திருக்கிறது. ஆனால் கடையில் விற்கும் பல லேப்டாப்களில் சிப் தயாரித்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தால்தான் ஃபர்ம்வேர் உள்ளே நுழையும். திருட்டு புரோகிராம் புகுந்துவிடக் கூடாது என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அறுபதாயிரம் கொடுத்து வாங்கியவர், நோயையும் அவரே கண்டுபிடித்து, மருந்தையும் கையில் வைத்துக்கொண்டு, கம்பவுண்டர் கையெழுத்துக்குக் காத்திருப்பது எந்த ஊர் நியாயம்? கையெழுத்துப் போட்ட பதிப்பு வர நாலு மாசம். அதுவரை யூ.எஸ்.பி. ஹெட்செட்டில் காலம் தள்ளினார். அது இந்தச் சிப் பக்கமே போகாது.

மிச்சம் ஐம்பத்தேழு ஃபைல்களை அழிக்கலாம் என்று போனவரை அவர் மனைவி தடுத்துவிட்டார். லேப்டாப் இருந்தது கட்டில் பக்கத்து ஸ்டூலில். "நானாவது, குறட்டையாவதுன்னு ஏழு வருஷமா சாதிச்சீங்களே, இருபத்திமூணாம் நம்பரைக் கொஞ்சம் போடுங்க." இப்போது வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அந்த அம்மாளே போட்டுக் காட்டுகிறார். அவருக்குத் தெரிந்த ஒரே கமாண்டு 'ஏப்ளே'.