சொலெக்ஸைக் கழற்றுமுன்

தமிழாசிரியனுக்கும் காபரேற்றருக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உறவு தந்தைவழி வந்தது. அவர் விட்டுச்சென்ற 1965ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீற்றில் காரிலேதான் யான் நாடோறும் கல்லூரிக்கு வருகின்றேன். அதனுடன் பிறந்த காபரேற்றரைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்து ஆறு ஆண்டுகளாகின்றன. அது பிழையென இன்று உணர்கின்றேன். பழைய மாணவர் சிலர் அதே பிழையைச் செய்ய நிற்பதறிந்து இதனை எழுதத் துணிந்தேன்.

பீற்றிலின் எஞ்சின் வண்டியின் பின்புறத்திலுள்ளது. தண்ணீரின்றி, விசிறிக் காற்றினாலே குளிர்வது. சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்க, நடுவே ஒரே சொலெக்ஸ் காபரேற்றர் அமர்ந்திருக்கும். பெற்றோல் கலந்த காற்று அங்கிருந்து நீண்ட குழாய்வழி இருபுறமும் செல்லவேண்டும். அது வழியிற் குளிர்ந்து துளியாகாதபடி, எஞ்சினின் சூடான புகையைக் காபரேற்றரின் அடிக்குக் கொணரும் சிறுகுழாயொன்றும் உண்டு. அக்குழாய் கரிபிடித்து அடைபட்டால் வண்டி காலையில் இருமும், தயங்கும். பழியோ காபரேற்றரின்மேல் விழும்!

எனக்கும் அவ்வாறே நேர்ந்தது. “மாஸ்ரர், உது தேஞ்சு போச்சு, வெபர் போடுங்கோ” என்றார் கராச்காரர். போட்டேன். வெபர் 32/36 என்பது இருவாய்க் காபரேற்றர். மிதியை ஆழ அழுத்தினாலன்றி இரண்டாம் வாய் திறவாது. நல்ல பண்டமே. ஆனால் என் வண்டியில், தீப்பொறியின் நேரத்தை டிஸ்றிபியூற்றர் முன்தள்ளுவது சொலெக்ஸிலிருந்து வரும் வெற்றிட இழுவையைக் கொண்டேயாம். இரண்டும் ஒன்றற்கொன்று அளந்து செய்யப்பட்டவை. ஒன்று போனபின் மற்றது எதற்கு என்று அதனையும் கழற்றி, சுழற்சி விசையால் மட்டும் இயங்கும் பொஷ் 009ஐப் பூட்டினர். நின்ற வண்டி புறப்படுகையில் ஒரு கணம் மூச்சடைக்கும் நோய் அன்று தொடங்கியது. நாற்சந்தியில், பின்னால் பஸ் உறுமி நிற்கும்போது, அக்கணத்தின் நீளம் பட்டவர்க்கே தெரியும்.

தேய்வு இருந்தது உண்மையே. தேய்ந்தது காபரேற்றர் முழுவதுமன்று. காற்றுவழியைத் திறந்து மூடும் தகட்டின் தண்டு புகுந்த துளை மட்டுமே. அவ்விடைவெளியால் வேண்டாத காற்று நுழையும். நின்றோடும் எஞ்சின் தள்ளாடும். துளையைச் சீராக விரித்துப் பித்தளைப் புஷ் இறுக்கினால் தீர்ந்தது. லேத் பட்டறையில் ஒருநாள் வேலை.

சொலெக்ஸின் உருவிலேயே வார்த்த புதிய போலிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்பர். உரு ஒன்றாயினும் ஜெற்றின் அளவும் வெற்றிடத் துளையின் இடமும் ஒன்றாயிருக்குமென நம்புதற்கில்லை. கடைசிப் பீற்றில் 2003இல் மெக்சிக்கோவில் வெளிவந்தது. தொழிற்சாலைச் சொலெக்ஸ் என்று இனித் தேடுவோர்க்குப் பழையதைச் செப்பனிடுவதே வழி.

பழையதென்று கண்ணை மூடியும் நம்பலாகாது. மூடியில் பெற்றோல் நுழையும் பித்தளைக் குழாய் அழுத்திச் சொருகப்பட்டதே; காலப்போக்கில் தளர்ந்து கழன்றுவிடும். கீழே சூடு, அருகே தீப்பொறி. எஞ்சின் உடலோ மக்னீசியக் கலவை. பற்றினால் அணைத்தல் அரிது. புஷ் போடும் அன்றே இதனையும் இறுக்குவிக்க வேண்டும்.

எஞ்சினையே பெருப்பித்தவர் பக்கத்துக்கொன்றாக இரட்டைக் காபரேற்றர் வைப்பதில் நியாயமுண்டு. இரண்டையும் ஒத்தியங்கச் செய்யும் பொறுமையும் அவர்க்கு வேண்டும். சூட்டில் எஞ்சின் விரிய, இணைப்புக் கம்பியின் அளவும் பிசகும். பாடசாலைக்கும் சந்தைக்கும் போய்வரும் என்போன்றோர்க்கு அது வீண் தொல்லை.

1990களில் யாழ்ப்பாணத்துக் கார்கள் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதைச் சிறுவனாகக் கண்டவன் யான். அதனாற்போலும், காபரேற்றர் எதற்கும் வளைந்துகொடுக்கும் என்றொரு துணிவு நம்மவர்க்கு! அவை தண்ணீரிற் குளிர்ந்த ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள். அன்று வேறு வழியும் இருந்ததில்லை.

‘28’ என்ற எண் பொறித்த சொலெக்ஸ் எவ்வன்பர் வீட்டுக் கொட்டிலிலாவது கிடக்குமாயின் எனக்கு அறிவிக்குமாறு வேண்டுகின்றேன். துளை தேய்ந்திருப்பினும் விலைகொடுத்து வாங்குவேன்.