பெயரை மாற்றினால் ரத்தக்கறை போகுமா?

பனாமா நாட்டில், காதுன் ஏரிக்கரையில் ஒரு பெரிய கட்டிடம். அமெரிக்கப் பட்டாளம் காலி செய்த பிறகு அதை உல்லாச ஓட்டலாக்கினார்கள். பணக்காரப் பயணிகள் படுத்துறங்கிய அந்த அறைகளில் முன்பு இருந்தவர்கள் யார்?

அமெரிக்க ஏகாதிபத்தியம் 1946-ல் பனாமாவில் தொடங்கிய ராணுவப் பள்ளி அங்கேதான் நடந்தது. லத்தீன் அமெரிக்க ராணுவத்தினருக்கு அங்கே பயிற்சி. 1959-ல் கியூபா மக்கள் சர்வாதிகாரி பாடிஸ்டாவை விரட்டியடித்ததும் வாஷிங்டன் எஜமானர்களுக்குக் குலை நடுங்கியது. சொந்த நாட்டு மக்களை ஒடுக்குவதே முதல் பாடமாயிற்று. 1963-ல் 'அமெரிக்காக்களின் பள்ளி' என்று பெயர் சூட்டினார்கள். மக்கள் சூட்டிய பெயர் வேறு: கொலைகாரர்களின் பள்ளி!

அங்கே தேறிய 'மாணாக்கர்கள்' யார்? 1971-ல் பொலிவியாவின் ஆட்சியைக் கவிழ்த்த பான்சர், அர்ஜென்டினா சர்வாதிகாரி கால்டியேரி, பனாமாவின் நொரியேகா. 1989-ல் எல் சால்வடாரில் ஆறு பாதிரியார்களையும், சமையற்காரப் பெண்ணையும், அவர் மகளையும் ராணுவத்தினர் சுட்டுக் கொன்றனர். ஐ.நா. உண்மை அறியும் கமிஷன் 1993-ல் இதில் சம்பந்தப்படுத்திய 26 பேரில் 19 பேர் இப்பள்ளியின் சரக்கு!

"சில பிள்ளைகள் கெட்டுப்போனால் பள்ளி என்ன செய்யும்?" என்று பசப்புகிறார்கள். பிள்ளைகள் கெடவில்லை, ஐயா! படித்ததைச் செய்தார்கள்! 1996-ல் பெண்டகனே வெளியிட நேர்ந்த பயிற்சிக் கையேடுகளில் இருப்பதென்ன? அடி, மிரட்டல், பொய்ச் சிறை, கொலை! தொழிற்சங்கத்துக்குள் ஒற்றனை நுழைக்கவும் பாடம்! கூலி உயர்வு கேட்பவனும், உழ நிலம் கேட்பவனும் இவர்களுக்கு எதிரிகள்.

கால்வாய் உடன்படிக்கையின்படி 1984-ல் பனாமாவை விட்டுக் கிளம்பிய பள்ளி, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துப் பென்னிங் கோட்டைக்குக் குடிபோயிற்று. அதன் வாசலிலும் மக்கள் ஆண்டுதோறும் திரண்டனர். பலர் சிறை சென்றனர். 2000 டிசம்பரில் "மூடிவிட்டோம்" என்றார்கள். 2001 ஜனவரியில் அதே இடத்தில் 'மேற்கு அரைக்கோளப் பாதுகாப்பு ஒத்துழைப்பு நிறுவனம்' முளைத்தது. பழைய கள், புது மொந்தை! இப்போது மனித உரிமையும் போதிக்கிறார்களாம். ஓநாய் ஜீவகாருண்யம் பேசுகிறது!

நாங்கள் கேட்கிறோம்: அந்தக் கையேடுகளை எழுதியவர்களையும், எழுதச் சொன்னவர்களையும் எந்தக் கூண்டில் ஏற்றினீர்கள்? மாண்டவர்களின் மனைவி மக்களுக்கு என்ன பதில்?

பனாமா வெகு தூரம் என்று எண்ணாதீர்கள், தோழர்களே! அங்கே சுடப்பட்டவர்களும் நம்மைப் போல் ஆலையிலும் வயலிலும் பாடுபட்டவர்களே. கட்டிடம் ஓட்டலாகலாம், பள்ளி பெயரை மாற்றிக்கொள்ளலாம். கணக்கு தீரவில்லை. புதுப் பெயரில் நடக்கும் அந்தப் பள்ளியையும் இழுத்து மூடு! இதுவே எங்கள் கோரிக்கை.