வளைந்தால் வளைந்தபடி நிற்கும் குழல்



பழச்சாறு பருகும்போது நாம் கையிலெடுக்கும் உறிஞ்சுகுழலை, அதாவது ஸ்ட்ராவை, யாரும் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. பருகி முடித்ததும் எறிந்துவிடுகிறோம். அவற்றுள் கழுத்துப் பகுதியில் அடுக்கடுக்கான மடிப்புகள் கொண்ட ஒரு வகை உண்டு. அதை எந்தப் பக்கம் வளைத்தாலும் அப்படியே நின்றுவிடும். கையை எடுத்தாலும் நிமிராது. இது எவ்வாறு நிகழ்கிறது என்று சிந்தித்ததுண்டா?

முதலில் மடிப்பில்லாத சாதாரணக் குழலைப் பாருங்கள். ஒரு குழலை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் நீள வேண்டும். உட்பக்கம் குறுக வேண்டும். வழவழப்பான சுவருக்கு இவ்விரண்டும் எளிதல்ல. ஆகவே அது ஓரிடத்தில் நசுங்கித் தட்டையாகிவிடுகிறது. நீரோட்டமும் அங்கேயே தடைப்படுகிறது. தோட்டத்து ரப்பர் குழாய் மடங்கினால் தண்ணீர் நின்றுவிடுவதும் இதனால்தான்.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் ஜோசப் ஃபிரீட்மன் என்னும் அமெரிக்கர். 1930களில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில், தம் சகோதரர் நடத்திவந்த இனிப்புக் கடையில் அவர் அமர்ந்திருந்தார். அவருடைய சிறு மகள் உயரமான இருக்கையில் அமர்ந்து, நேரான காகிதக் குழலால் மில்க்‌ஷேக் பருக முடியாமல் திண்டாடினாள். அதைக் கண்ட தந்தை, குழலுக்குள் ஒரு திருகாணியைச் செருகினார். பல்லிடுக்கைத் துப்புரவு செய்யும் நூலை வெளியிலிருந்து திருகாணியின் மரைகளில் பொருந்துமாறு இறுகச் சுற்றினார். பின்பு நூலையும் திருகாணியையும் அகற்றினார். காகிதத்தில் வரிவரியாக மடிப்புகள் பதிந்திருந்தன. குழல் நசுங்காமல் வளைந்தது. 1937 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

பிற்காலத்தில் பிளாஸ்டிக்கில் வந்த குழல்களின் மடிப்பில் மற்றொரு நுட்பமும் சேர்ந்துள்ளது. அதன் ஒவ்வொரு மடிப்பும் நுனி வெட்டப்பட்ட இரண்டு கூம்புகள் வாயோடு வாய் இணைந்ததைப் போன்றது. இரண்டும் ஒரே அளவினவல்ல. ஒன்றின் சரிவு மற்றொன்றின் சரிவினின்று வேறுபட்டது. அழுத்தினால் ஒரு கூம்பு உள்மறிந்து மற்றதனுள் அடங்கிவிடும். இழுத்தால் ‘டக்’கென்ற ஓசையுடன் வெளியே வரும்.

பெருங்காற்றில் குடை மறிந்துகொள்வதை எண்ணிப் பாருங்கள். குடை தன் இயல்பான நிலையில் நிற்கும். மறிந்த நிலையிலும் நிற்கும். இடைப்பட்ட நிலையில் நிற்காது. ஒரு நிலையிலிருந்து மற்றதற்குச் செல்ல, இடையிலுள்ள ஒரு மேட்டைக் கடப்பது போன்ற விசை வேண்டும். குழலின் மடிப்பும் அவ்வாறே. நாம் வளைக்கும்போது உட்பக்கத்து மடிப்புகள் மறிந்தபடியே அடங்கியிருக்க, வெளிப்பக்கத்தில் மட்டும் அவை விரிந்துகொள்கின்றன. ஒரு மடிப்பு தரும் வளைவு சிறிதே. பல மடிப்புகள் சேரும்போது குழல் முழுமையாக வளைகிறது.

ஆனால் இங்கே ஒரு புதிர் இருந்தது. முழுமையாக விரிந்து நிற்பதற்கும், முழுமையாக அடங்கி நிற்பதற்கும் கூம்பு வடிவமே போதும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் அடங்கிய அரைகுறை நிலையில் அது எவ்வாறு நிலைத்து நிற்கிறது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் இணைந்தோரும் 2018 ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறினர். குழலின் மடிப்புப் பகுதியை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால், அது விரிந்துகொள்வதில்லை. மாறாக முன்னிலும் இறுக்கமாகச் சுருண்டுகொள்கிறது. அதாவது, அச்சுவர் எப்போதும் தன் வட்டத்தைவிடச் சிறிய வட்டமாகச் சுருளவே முயல்கிறது. வெளியே தெரியாத இந்த உள்ளிறுக்கமே வளைந்த நிலையைப் பூட்டி வைக்கிறது. வெப்பமூட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்தியபோது, வடிவம் மாறாதிருந்தும் வளைந்து நிற்கும் ஆற்றல் போய்விட்டது.

இத்தனை நுட்பமும் பழச்சாறு பருகுவதற்கு மட்டுந்தானா? ஃபிரீட்மனின் வளையும் குழலை முதன்முதலில், 1947 ஆம் ஆண்டில், விலைகொடுத்து வாங்கியது ஒரு மருத்துவமனை. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளி தலையைத் தூக்காமல், பிறர் கையை எதிர்பாராமல், தாமே நீர் அருந்த அது உதவியது. அதற்கு முன்பு மருத்துவமனைகளில் வளைந்த கண்ணாடிக் குழல்கள் பயன்பட்டன. அவை உடையக்கூடியவை; ஒவ்வொரு முறையும் கொதிநீரில் தூய்மை செய்யப்பட வேண்டியவை.

பிளாஸ்டிக் குழல்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், இந்தியா முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் தடை வந்தது. குப்பையாகச் சேர்ந்து நிலத்தையும் நீரையும் கெடுக்கும் பொருளைத் தடுப்பது தேவையே. எனினும் 2020 இல் இதே தடையைக் கொணர்ந்த இங்கிலாந்து, உடற்குறையுடையோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு அளித்தது. காகிதக் குழல் ஊறிக் குழைந்துவிடும். எஃகுக் குழல் வளையாது, கை நடுங்குவோரின் பல்லையும் ஈறையும் புண்படுத்தலாம் என்பதே காரணம். நலமுள்ளோருக்கு வீண் பொருளாகத் தோன்றுவது, மற்றொருவருக்குக் கையாகவே இருக்கிறது.

உங்கள் இல்லத்தில் வாப்பாவோ உம்மாவோ படுக்கையில் இருந்தால், வளைந்த வடிவிலேயே வார்க்கப்பட்ட சிலிகான் குழலை வாங்கிக் கொடுக்கலாம். அதை மெல்லிய தூரிகையால் உட்புறம் தேய்த்துக் கழுவி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். பக்கவாதம் கண்டு விழுங்குவதில் தடுமாற்றம் உள்ளவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் குழலும் தரவேண்டாம். நீர் மூச்சுக்குழலில் புகுந்துவிடக்கூடும். மற்றவர்களுக்கு, கண்ணாடிக் குவளையையும் குழலையும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். நள்ளிரவில் தாகம் எடுத்தால், உறங்குபவர்களை எழுப்பத் தயங்கி வறண்ட தொண்டையோடு கிடக்கும் நிலை அவர்களுக்கு வராது.