இந்த வருஷம் எத்தனை பர்சன்ட்?

புரட்டாசி பிறந்துவிட்டால் கோவை, திருப்பூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் வாய்க்கு வாய் ஒரே கேள்விதான்: ‘இந்த வருஷம் எத்தனை பர்சன்ட்?’ பிள்ளைகளுக்குத் துணி, ஊருக்குப் போக பஸ் செலவு, அடகில் கிடக்கும் நகைக்கு வட்டி என்று, போனஸ் கைக்கு வருமுன்பே கணக்குப் போட்டாகிவிடும்.

அதை முதலாளியின் தாராள மனசு என்று நினைப்பவர்கள் இன்னமும் உண்டு. வருஷம் முழுக்க உழைத்தவருக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கி அது.

1917இல் அகமதாபாத்தில் பிளேக் பரவியபோது, ஊரைவிட்டுக் கிளம்பிய தொழிலாளர்களை நிறுத்திவைக்க மில் முதலாளிகள் ‘பிளேக் போனஸ்’ கொடுத்தார்கள். கூலியில் பாதிக்கும் மேல். நோய் தணிந்ததும் அதை நிறுத்தினார்கள். முதல் உலகப் போரால் ஏறிய விலைவாசியோ இறங்கவில்லை. தொழிலாளர்கள் 50 சதவீத உயர்வு கேட்க, முதலாளிகள் 20க்கு மேல் நகரவில்லை. 35 நியாயம் என்ற காந்தி, 1918 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார். முதலாளிகளின் முன்வரிசையில் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் அவருடைய அக்கா அனசூயா. கடைசியில் நடுவர் தீர்ப்பும் 35 என்றே வந்தது.

1965ஆம் ஆண்டுச் சட்டம் போனஸை உரிமையாக்கியது. கம்பெனி நஷ்டக் கணக்கு காட்டினாலும் குறைந்தபட்சத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். இன்று அது 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். நெருக்கடி நிலைக் காலத்தில் இதை 4 ஆகக் குறைத்தார்கள், 1977இல்தான் மீண்டது.

ஆனால் எந்தச் சம்பளத்தில் சதவீதம்? சிக்கலே இங்கேதான். 2015 திருத்தம், 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியம், இவற்றில் எது அதிகமோ அதை வைத்துக் கணக்கிடச் சொன்னது. தமிழக அரசு தன் பொதுத்துறை ஊழியர்களுக்கு 20 சதவீதம் அறிவித்த ஆண்டுகளில் உச்சத்தொகை 16,800 ரூபாயில் நின்றது இந்த 7,000ஆல்தான். மாதம் 20,000 வாங்குபவருக்கு முழுச் சம்பளத்தில் 20 சதவீதம் போட்டால் 48,000 வரும்!

ஒப்பந்தத் தொழிலாளர் நிலை இன்னும் மோசம். ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் உண்டு என்கிறது சட்டம். காண்டிராக்டர் மாறியதும் பழையவர், புதியவர் இருவருமே கையை விரித்துவிடுகிறார்கள். தொழிலாளர்களை வேலை வாங்கும் நிறுவனமே இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

2019 ஊதியச் சட்டத் தொகுப்பு, உச்சவரம்பை அறிவிக்கும் பொறுப்பை அரசுகளிடமே விட்டிருக்கிறது. நாடாளுமன்றத்தில் புதிதாகச் சட்டம் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. ஒரு அறிவிக்கை போதும். 7,000ஐத் தூக்கிவிட்டு, தொழிலாளி கையில் வாங்கும் சம்பளத்திலேயே கணக்கிடச் சொல்லுங்கள்.