நடிகருக்கும் வாரச் சம்பளம்

நலிந்த கலைஞர்களுக்கு நம் அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பில் தெம்பு இருக்கிற கலைஞர் முதலில் எதிர்பார்ப்பது வேலையைத்தான் என்பது என் எண்ணம். "நாடகம் போட அரசாங்கம் சம்பளம் கொடுக்குமா?" என்று சிரிப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன்.

பேசும் படம் வந்ததிலிருந்தே அங்கே நாடகக் கொட்டகைகள் காலியாகிக்கொண்டிருந்தன. 1929-ல் பங்குச்சந்தையும் விழுந்தது. நடிகர், சீன் வரைகிறவர், உடை தைக்கிறவர், லைட் போடுகிறவர் என்று எல்லோருக்கும் பிழைப்பு போயிற்று. ரூஸ்வெல்ட் அரசு 1935-ல் ‘ஃபெடரல் தியேட்டர் புராஜெக்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஹாலி ஃபிளானகன் என்ற கல்லூரிப் பேராசிரியை அதன் தலைவர். ரோடு போடுகிறவருக்குக் கூலி கொடுத்த அதே நிவாரணத் திட்டத்தில் நடிகருக்கும் வாரச் சம்பளம்! நியூயார்க்கில் அது 23 டாலர் சொச்சம். ஒரு கட்டத்தில் 12,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள்.

சும்மா பேருக்கு நாடகம் போட்டார்களா என்றால், இல்லை. 1936-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து ‘மேக்பெத்’ போட்டார்கள். கூட்டம் தெருவை அடைத்தது. இயக்கிய ஆர்சன் வெல்ஸுக்கு அப்போது வயது 20. சேரி வீடுகளின் அவலத்தை, 1938-ல் ‘ஒன் தேர்ட் ஆஃப் எ நேஷன்’ நாடகம் மேடையிலேயே காட்டியது. பல ஊர்களில் டிக்கெட் இலவசம். வாழ்க்கையில் முதல் தடவையாக நாடகம் பார்த்தவர்கள் ஏராளம்.

அரசாங்கக் காசு வாங்கினால் அரசாங்கத்துக்குப் பயப்பட வேண்டுமே என்பீர்கள். நியாயமான கேள்விதான். கம்யூனிஸ்ட் பிரசாரம் என்று குற்றம் சாட்டி நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பதினாறாம் நூற்றாண்டு நாடகாசிரியர் மார்லோவின் பெயரை ஃபிளானகன் சொன்னதும், அவர் கம்யூனிஸ்டா என்று கேட்டார் ஓர் உறுப்பினர்! 1939 ஜூன் 30-ஆம் தேதியோடு பணம் நின்றது. ஆயிரக்கணக்கானோர் மறுபடி வேலையில்லாமல் நின்றார்கள். இத்தனைக்கும் மொத்த நிவாரணச் செலவில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதிலிருந்து நான் படிப்பது இரண்டு. கலைஞருக்கு வேலை கொடுத்தால் வாங்கும் சம்பளத்துக்கு மேலேயே உழைப்பார். அந்த வேலையை அரசியல்வாதியின் கோபதாபத்துக்கு விட்டுவிடக் கூடாது, அதற்குச் சட்டத்தின் காவல் வேண்டும். நம் கூத்துக்காரருக்கும் நாடகக் குழுவுக்கும் வருஷத்துக்கு இத்தனை நாள் மேடை, இவ்வளவு சம்பளம் என்று எழுதிக் கொடுக்கட்டும். கைத்தட்டலும் கூலியும் சேர்ந்து கிடைத்தால் எந்தக் கலைஞரும் கை நீட்ட மாட்டார்.